கடற்கரை ஊரில் தேசியக் கொடி ஏற்றுவோருக்கு

இராமநாதபுரம் கடற்கரையில் கொடியேற்றும் பொறுப்பை ஏற்கிறவர், உள்நாட்டு ஊர்களில் இருப்பவர் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லாத இரண்டைச் சமாளித்தாக வேண்டும். ஒன்று காற்று, மற்றொன்று உப்பு. ஆகஸ்ட் 15 கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று ஓயாத நாள்களில் வருகிறது. ஜனவரி 26 வாடைக் காற்றில் வருகிறது. பாம்பன் பக்கத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியனாக இருந்து பல ஆண்டுகள் இந்த இரண்டு நாள்களுக்கும் கயிறு கட்டியவன் என்ற முறையில், பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் கொடியைப் பாருங்கள். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட கொடியின் நீளமும் அகலமும் 3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். மேலே காவி, நடுவே வெள்ளை, கீழே பச்சை. வெள்ளைப் பட்டையின் நடுவில் கருநீல நிறத்தில் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம். விழா நெருங்கும்போது கடைத்தெருவில் குவியும் மலிவான கொடிகளில் சக்கரம் முட்டை வடிவில் நீண்டிருப்பதையும், ஆரங்கள் குறைந்திருப்பதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாங்குமுன் ஒருவர் ஆரங்களை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. அந்த வேலையை மாணவர்களிடம் கொடுத்தால் எண்ணிக்கையும் அவர்களுக்கு மறக்காது.

கொடியின் துணியைப் பற்றி என் கருத்து இது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் கொடி விதித்தொகுப்பு, முதலில் கையால் நூற்றுக் கையால் நெய்த துணியை மட்டுமே அனுமதித்தது. 2021 டிசம்பர் 30 அன்று செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு பாலியெஸ்டர் துணியிலும், இயந்திரத்தில் தயாரித்ததிலும் கொடி செய்யலாம். கதர் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகும், பறக்கும் ஓரம் சீக்கிரம் நைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் ஆண்டின் அந்த இரண்டு நாள்களுக்குக் கதர்க் கொடியையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். விடுதலைப் போராட்டத்தின் நூல் அதில் இருக்கிறது. அன்றாடம் பறக்கவிடுவதற்குப் பாலியெஸ்டர் போதும். அளவு பெரிதாக இருந்தால் மதிப்பு கூடும் என்று எண்ணி, நடுத்தர உயரக் கம்பத்தில் 1800-க்கு 1200 மில்லிமீட்டர் கொடியைக் கட்டுகிறவர்கள் உண்டு. கச்சான் காற்றில் அது கம்பத்தையே ஆட்டிவிடும். விதித்தொகுப்பு தரும் ஒன்பது அளவுகளில் 1350-க்கு 900 அல்லது 900-க்கு 600 என்பவையே நம் பள்ளி வளாகங்களுக்குப் பொருந்தும்.

கம்பத்தையும் கயிற்றையும் ஒரு வாரம் முன்னதாகச் சோதிக்க வேண்டும். உச்சியிலுள்ள கப்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருக்கும். அதை இறக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, மசகு தடவி மாட்டுங்கள். பருத்திக் கயிற்றைத் தவிர்த்து நைலான் கயிற்றைப் பயன்படுத்துங்கள். இதை நான் ஒரு சுதந்திர நாளில் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். காலையில் நேரம் இருக்காது என்று முந்தைய இரவே கொடியை மடித்து உச்சியில் கட்டிவைத்திருந்தேன். விடிவதற்குள் உப்புப் பனியில் கயிறு ஊறி உப்பி, சுருக்கு இறுகிவிட்டது. சிறப்பு விருந்தினர் மூன்று முறை இழுத்தும் கொடி விரியவில்லை. கூட்டத்தில் நின்ற மாணவன் ஒருவனின் தந்தை, நாட்டுப்படகில் தொழில் செய்பவர், முன்னால் வந்து கயிற்றைத் தளர்த்தி, கொடியைத் தரையில் படாமல் கையில் வாங்கி, மறுபடியும் கட்டிக் கொடுத்தார். "கயிறு உப்பைக் குடிச்சா முடிச்சு விடாது சார், கட்டுறதைக் காலையில கட்டுங்க" என்று அவர் சொன்னதை அதன் பிறகு நான் மீறியதே இல்லை.

கட்டும் முறை எளிது. கொடியைக் கிடைமட்டமாக விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டையின் அடியில் மடியுங்கள். பிறகு சக்கரமும் அதை ஒட்டிக் காவியும் பச்சையும் சிறிதளவு மட்டும் தெரியுமாறு வெள்ளைப் பட்டையை இருபுறமிருந்தும் உள்ளே மடியுங்கள். இதுவே கொடியைப் பாதுகாத்து வைப்பதற்கும் ஏந்திச் செல்வதற்கும் உரிய மடிப்பு. உச்சியில் கட்டும்போது இதையே நீளவாக்கில் சுருட்டி, இழுகயிற்றால் சுற்றி, ஒரே இழுப்பில் அவிழும் உருவுசுருக்காகப் போட வேண்டும். முடிச்சு எந்தக் காரணத்தைக் கொண்டும் இருக்கக் கூடாது. காவிப் பக்கத்துக் கண்ணி மேல்கயிற்றில் மாட்டப்பட்டிருக்கிறதா என்பதை இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும், ஏனெனில் தலைகீழாக ஏற்றுவது விதித்தொகுப்பு வெளிப்படையாகத் தடுக்கும் பிழை. மலரிதழ்களை உள்ளே வைப்பதற்கு அனுமதி உண்டு. ஆனால் ஈரமான பூக்களை வைத்தால் துணியில் கறை ஏறும் என்பதால், ஒரு கைப்பிடி உதிர்ந்த இதழ்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டெல்லியில் இரண்டு நாள்களுக்கும் முறை வேறுபடுகிறது. சுதந்திர நாளில் செங்கோட்டையில் பிரதமர் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறார். குடியரசு நாளில் கடமைப் பாதையில் குடியரசுத் தலைவர், ஏற்கெனவே உச்சியில் கட்டப்பட்டிருக்கும் கொடியை விரிக்கிறார். நம் ஊர்களில் இரண்டு நாளும் உச்சியில் கட்டி அவிழ்ப்பதே பழக்கமாகிவிட்டது. கயிறும் கப்பியும் நன்றாக இருக்கும் பள்ளிகள் ஆகஸ்ட் 15 அன்று கீழிருந்து ஏற்றிக் காட்டினால், அந்த வேறுபாடு மாணவர்களுக்குக் கண்முன்னே விளங்கும். எப்படி ஏற்றினாலும், ஏற்றும்போது மிடுக்கும் விரைவும், இறக்கும்போது நிதானமும் வேண்டும்.

இனி, கூட்டத்தை நிறுத்தும் இடம். ஆகஸ்டில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வரும். திசை எதிரெதிரானாலும் கோடு ஒன்றுதான். ஆகவே மாணவர்கள் கம்பத்துக்குத் தென்கிழக்கே நின்று வடமேற்கு நோக்கினால், ஆகஸ்டில் கொடி அவர்களுக்கு வலப்புறமாகவும் ஜனவரியில் இடப்புறமாகவும் விரிந்து, இரண்டு நாளும் முழுப் பரப்பும் தெரியும். காலை வெயிலும் கண்ணில் அடிக்காது. அவிழ்ப்பவர் காற்றைத் தமக்குப் பின்னால் வைத்து நின்று இழுக்க வேண்டும். இல்லையென்றால் கொடி அவர் முகத்தின் மேலேயே சரியும்.

ஊராட்சி அலுவலகத்தில் கொடியேற்றும் உரிமை, ஊராட்சித் தலைவருக்கு உரியது. பட்டியல் இனத்தைச் சேர்ந்த தலைவர்கள் சில இடங்களில் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டதால், 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர் இதுபற்றி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்பதை நான் வேதனையோடு குறிப்பிடுகிறேன். உங்கள் ஊரில் அவ்வாறான பேச்சு எழுந்தால், விழாவை ஏற்பாடு செய்கிறவர்கள் அன்றைய நிகழ்ச்சிநிரலைத் தொடங்குமுன் அதை மறுத்துத் தீர்த்துவிட வேண்டும். மாநில முதலமைச்சர்கள் சுதந்திர நாளில் கொடியேற்றும் வழக்கமே, தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதி கேட்டுப் பெற்றதன் பேரில் 1974 முதல்தான் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையில் கயிறு இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

கொடி விரிந்தவுடன் நாட்டுப்பண். 52 நொடிகள், அனைவரும் கொடியை நோக்கி அசையாமல் நிற்க வேண்டும். முந்தைய வாரத்திலேயே அதன் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். 'உத்கல' என்பது ஒடிசா என்பதையும், 'திராவிட' என்பது நாம் வாழும் தெற்கு என்பதையும் குழந்தைகள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். ஆனால் 'உச்சல ஜலதி தரங்க' என்பது பொங்கியெழும் கடலலைகள் என்று சொல்லும்போது, வடகடலையும் தென்கடலையும் நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை நான் வேறெந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

படகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்வ மிகுதியால் விசைப்படகின் மேற்கூரையிலும் பக்கங்களிலும் கொடியைப் போர்த்துகிறார்கள். படகு, வாகனம், இரயில், விமானம் எதன்மீதும் அவ்வாறு போர்த்தக் கூடாது என்று விதித்தொகுப்பு கூறுகிறது. கொடி தரையிலோ தண்ணீரிலோ படக் கூடாது, அதன்மேல் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது, அதே கம்பத்தில் வேறு கொடி பறக்கக் கூடாது. கொடியை அவமதிப்பது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது அரசின் அறிவிப்பின்படி மட்டுமே. 2015 ஜூலையில் அப்துல் கலாம் மறைந்தபோது ஏழு நாள் துக்கம் அறிவிக்கப்பட்டது. அப்போது சிலர் கொடியை நேராகப் பாதி உயரத்தில் நிறுத்திவிட்டார்கள். முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்குமுன் மறுபடியும் உச்சிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் திறந்தவெளியிலும் வீடுகளிலும் கொடி இரவும் பகலும் பறக்கலாம். என்றாலும் கடலோரத்தில் மாலையிலேயே இறக்கிவிடுங்கள், இரவுப்பனி துணியைத் தின்றுவிடும். இறக்கிய கொடியை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, உப்பு நீங்கியபின் நிழலில் உலர்த்தி மடித்து வையுங்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர்களிலும் அரை வாளி போதும். பிள்ளைகள் சட்டையில் குத்திய தாள் கொடிகளை அன்று மதியத்துக்குள் ஒரு பையில் சேர்த்துவிடுங்கள்; காற்று அவற்றை ஒருமுறை கரைக்குக் கொண்டுபோனால், பிறகு கடலிலிருந்து யாரும் பொறுக்க முடியாது. கிழிந்த கொடியையும் இந்தத் தாள் கொடிகளையும் பொதுவில் எறியாமல், தனியிடத்தில் மரியாதையோடு எரிப்பதே விதித்தொகுப்பு பரிந்துரைக்கும் வழி. விழாவுக்கு மறுநாள் மாலை, காற்று தணிந்த நேரத்தில், பள்ளிக்குப் பின்புறம் நாங்கள் இரண்டு மூன்று பேர் மட்டும் நின்று அதைச் செய்வோம்.