அந்த ஓவியம் யார் உபயம்? கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளை மியூசியம் சேர்க்க நாம் உதவுவது எப்படி

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் இருக்கும் டெட்ராய்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்ட்ஸ் என்ற கலை மியூசியத்தில் (இங்கே எல்லோரும் சுருக்கமாக டிஐஏ என்பார்கள்) பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக் குதிரை ஒன்று முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது, அதன்மேல் ஜீன்ஸ் போட்ட கறுப்பின இளைஞன் கையில் வாளோடு உட்கார்ந்திருக்கிறான். கறுப்பின அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி 2007-ல் வரைந்தது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1812-ல் வரைந்த குதிரைப்படை அதிகாரி படத்தை எடுத்துக்கொண்டு, அந்த அதிகாரியின் இடத்தில் நம் காலத்துப் பையனை ஏற்றி உட்கார வைத்திருக்கிறார். நான் முதல்முறை பார்த்தபோது படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது முறைதான் பக்கத்தில் இருந்த அட்டையின் கடைசி வரியைப் படித்தேன். ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்கக் கலையின் நண்பர்கள் குழு கொடுத்த பணத்தில் வாங்கியது என்று இருந்தது.

நம் ஊர்க் கோயிலில் ட்யூப்லைட்டிலிருந்து வெண்கல மணி வரைக்கும் "உபயம்: இன்னார்" என்று எழுதியிருப்பார்களே, அதேதான் இதுவும். அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்துகொண்டால், அந்த வரிக்குப் பின்னால் நாமும் நிற்க முடியும் என்பது புரிந்துவிடும். மிஷிகனில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. பணக்காரர்கள் செய்கிற வேலை என்று விட்டுவிடுகிறார்கள். இல்லை, நூறு டாலரிலிருந்தே தொடங்கலாம். நான் டிஐஏவை வைத்தே சொல்கிறேன், ஆனால் அமெரிக்காவில் எந்த ஊர் மியூசியத்துக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

முதலில், ஏன் என்று ஒரு வார்த்தை

அமெரிக்காவில் 31 மியூசியங்கள் 2008 முதல் 2020 வரை சேர்த்த படைப்புகளை ஓர் ஆய்வில் எண்ணிப் பார்த்தார்கள். அதில் கறுப்பின அமெரிக்கக் கலைஞர்களுடையது வெறும் 2.2 சதவீதம். நூற்றுக்கு இரண்டு! இத்தனைக்கும் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எல்லா மியூசியமும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு காரணம் விலை. கறுப்பின அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் வரைந்த ஓர் ஓவியத்தை சிகாகோவில் ஓர் அரசு அமைப்பு 1997-ல் 25,000 டாலருக்கு வாங்கியது. 2018 மே மாதம் அதே ஓவியம் ஏலத்தில் 2 கோடியே 11 லட்சம் டாலருக்குப் போனது. 2018-ல் அதை வாங்க எந்தச் சாதாரண மியூசியத்தாலும் முடியாது, ஆனால் 1997-ல் இருநூறு பேர் ஆளுக்கு 125 டாலர் போட்டிருந்தால் போதும். அதனால்தான் சிறிய பணம், சரியான நேரத்தில், சரியான பெயருக்குப் போவது முக்கியம் என்கிறேன். பெயர் வந்த பிறகு வாங்க எல்லோரும் வருவார்கள். நமக்கு வேலை அதற்கு முன்னால்தான்.

படி 1: போய்ப் பாருங்கள், கடைசி வரியைப் படியுங்கள்

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு தடவையாவது போய் வாருங்கள். டிஐஏவில் கறுப்பினக் கலைஞர்களுக்கான அரங்குகள் 2025 அக்டோபரில் புதிதாக அமைக்கப்பட்டு, ரிவேரா கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே வந்திருக்கின்றன. டியேகோ ரிவேரா 1932-33ல் கார் தொழிற்சாலைத் தொழிலாளர்களை வரைந்த அந்தப் பெரிய சுவரோவியக் கூடம்தான் மியூசியத்தின் நெஞ்சுப் பகுதி, வருகிறவர்கள் எல்லோரும் அங்கே வராமல் போக மாட்டார்கள். அதற்கு அடுத்த கதவு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ராபர்ட் எஸ். டங்கன்சன் என்ற பெயரைத் தேடுங்கள். மிஷிகனில் மன்ரோ என்ற ஊரில் வளர்ந்தவர், வீட்டுக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடிக்கிற வேலையில் தொடங்கி, தானாகவே படம் வரையக் கற்றுக்கொண்டு, அடிமை முறை இன்னும் ஒழியாத காலத்திலேயே அமெரிக்காவின் முக்கியமான இயற்கைக்காட்சி ஓவியர்களில் ஒருவராக ஆனவர். 1872-ல் டெட்ராய்ட்டில்தான் இறந்தார். அவர் 1871-ல் வரைந்த ஸ்காட்லாந்து ஏரி ஓவியம் டிஐஏவிடம் இருக்கிறது. அமைதியான தண்ணீர், மஞ்சள் வெளிச்சம். அதன் எதிரில் பத்து நிமிடம் நிற்க வேண்டும், அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது.

அட்டையின் கடைசி வரிகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னார் அன்பளிப்பு, இன்னாரின் உயில்படி வந்தது, இன்ன நிதியிலிருந்து வாங்கியது, இன்ன குழு வாங்கித் தந்தது என்று நாலைந்து வகைதான் வரும். ஒரு மணி நேரத்தில் அந்த மியூசியத்தில் பணம் எந்த வாய்க்கால் வழியாக ஓடுகிறது என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

படி 2: உறுப்பினர் அட்டை வேறு, நண்பர்கள் குழு வேறு

இதில்தான் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள். மியூசியம் மெம்பர்ஷிப் வாங்கினால் அந்தப் பணம் பொதுச் செலவுக்குப் போகும். மின்சாரம், காவலர் சம்பளம், கூரை ரிப்பேர் எல்லாம் அதில்தான். அதுவும் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கறுப்பினக் கலைஞர்களின் படைப்பை வாங்க வேண்டும் என்பது உங்கள் நோக்கமென்றால், மெம்பர்ஷிப்புக்கு மேலே அந்தத் துறைக்கென்று இருக்கும் நண்பர்கள் குழுவில் சேர வேண்டும். டிஐஏவின் குழு 1962-ல் தொடங்கியது. பால் ஆஃப்ரிக்கேன் என்ற பெயரில் அவர்கள் நடத்தும் விருந்து இந்த ஊரில் பிரபலம். அட்லாண்டாவின் ஹை மியூசியத்திலும் கறுப்பினக் கலைஞரும் கலை வரலாற்று அறிஞருமான டேவிட் டிரிஸ்கல் பெயரில் 2005 முதல் ஒரு விருது கொடுக்கிறார்கள், அதற்கு நடக்கும் விருந்தில் திரளும் பணம் கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளை வாங்கப் போகிறது.

பல மியூசியங்களில் முதலில் மெம்பராக இருந்தால்தான் இந்தக் குழுக்களில் சேர விடுவார்கள், ஆகவே இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழுவில் சேர்ந்தால் சும்மா பெயர் மட்டும் இருக்காது. கலைஞர்கள் வந்து பேசுவார்கள், க்யூரேட்டர் (மியூசியத்தின் படைப்புகளைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பில் வைத்திருப்பவர்) நேரில் விளக்குவார், சில ஊர்களில் எதை வாங்கலாம் என்ற பேச்சிலும் உங்களை உட்கார வைப்பார்கள். கூட்டத்துக்குப் போங்கள். முதல் தடவை யாரையும் தெரியாமல் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. அந்தக் குழுக்களை இத்தனை ஆண்டுகளாகத் தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெரியவர்கள். நாம் போய் முதலில் கேட்டுக்கொண்டிருப்பதுதான் மரியாதை.

படி 3: உண்டியலில் போடாதீர்கள், கட்டளைக்குக் கொடுங்கள்

கோயிலில் உண்டியலில் போட்ட பணம் எதற்குப் போகும் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் "இது பங்குனி உத்திரக் கட்டளைக்கு" என்று எழுதிக் கொடுத்தால் அதை அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். இங்கேயும் சட்டமே அப்படித்தான். நோக்கம் எழுதிக் கொடுத்து, மியூசியமும் ஏற்றுக்கொண்ட பணத்தை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேறொரு ஊரில் இருந்தபோது ஒரு மியூசியத்துக்கு ஆன்லைனில் பணம் அனுப்பினேன், குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். பணம் பொதுக் கணக்கில் சேர்ந்துவிட்டது, நன்றிக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எனவே செக் என்றால் மெமோ வரியில், ஆன்லைன் என்றால் குறிப்புக் கட்டத்தில், தெளிவாக எழுதுங்கள். பணம் அனுப்புவதற்கு முன்பே நன்கொடைப் பிரிவுக்கு ஒரு மெயில் போடுவது இன்னும் நல்லது. இவ்வளவு இருந்தால் போதும்: "கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளை வாங்குவதற்கு மட்டும் இந்தப் பணத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று விரும்புகிறேன். இதற்கென்று தனி நிதி இருக்கிறதா, அதன் சரியான பெயர் என்ன, குறைந்தபட்சத் தொகை ஏதாவது உண்டா?" நிதியின் சரியான பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், நீங்களாக ஒரு பெயர் வைக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. வாங்கும் நிதி வேறு, நிலை நிதி வேறு. வாங்கும் நிதியில் போட்டால் உங்கள் ஆயிரம் டாலரும் அடுத்து வாங்கும் படைப்புக்கு முழுசாகப் போகும். நிலை நிதியில் போட்டால் முதலைத் தொடாமல், வருஷத்துக்கு நாலைந்து சதவீதம் போல, அதாவது நாற்பது ஐம்பது டாலர்தான் செலவுக்கு எடுப்பார்கள், ஆனால் அது என்றென்றைக்கும் வந்துகொண்டிருக்கும். சின்னத் தொகை கொடுப்பவர்களுக்கு என் கருத்து: வாங்கும் நிதிக்கே கொடுங்கள். மார்ஷல் கதையை மறக்காதீர்கள், இன்றைக்கு வாங்குவதற்குத்தான் மதிப்பு.

படி 4: கம்பெனியையும் இழுத்து விடுங்கள்

நம்மில் நிறையப் பேர் வேலை பார்க்கிற பெரிய கம்பெனிகளில் மேட்சிங் வசதி இருக்கும், நீங்கள் நூறு கொடுத்தால் கம்பெனியும் நூறு போடும். எச்ஆர் பக்கத்தில் தேடிப் பாருங்கள். மியூசியம் 501(சி)(3), அதாவது வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கில்லாத அமைப்பாக இருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்கும். கம்பெனி அனுப்பும் பணத்துக்கும் அதே நிதியின் பெயரைக் குறிப்பிட மறக்காதீர்கள், இல்லையென்றால் உங்கள் பணம் ஓவியத்துக்கும் கம்பெனியின் பணம் மின்கட்டணத்துக்கும் போகும்.

வரி விஷயம் சுருக்கமாக. 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் எழுத்து ரசீது கட்டாயம் வேண்டும். விருந்து டிக்கெட் வாங்கினால் சாப்பாட்டின் மதிப்பைக் கழித்தது போக மீதிக்குத்தான் வரிச்சலுகை. 2026 முதல், வரிக் கணக்கில் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டாதவர்களும் பணமாகக் கொடுத்த நன்கொடையில் ஒருவருக்கு 1,000 டாலர், தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம்.

படி 5: வீட்டில் படைப்பு இருந்தால்

தெரிந்த கலைஞர் ஒருவரிடம் எப்போதோ வாங்கிய அச்சுப்படமோ ஓவியமோ உங்களிடம் இருக்கலாம். அதைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராக மியூசியத்துக்குப் போய் நிற்காதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, அளவு, எப்போது யாரிடம் வாங்கியது, இதுவரை யார் யார் கைமாறி வந்தது என்று எழுதி க்யூரேட்டருக்கு அனுப்புங்கள். அவருக்குப் பிடித்திருந்தால் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மியூசியக் குழுவின் முன் வைப்பார், அந்தக் குழு ஒப்புக்கொண்டால் நீங்கள் அன்பளிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்கள், பிறகு அதற்கு ஒரு சேர்க்கை எண் கிடைக்கும். 5,000 டாலருக்கு மேல் மதிப்பைக் கழிக்க நினைத்தால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வருமானவரித் துறையின் 8283 படிவமும் வேண்டும். "எப்போதும் சுவரில் மாட்டியிருக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். அருகிலேயே 1965-ல் தொடங்கிய சார்ல்ஸ் எச். ரைட் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று மியூசியம் இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள்.

படி 6: குரலும் ஓட்டும்

வேய்ன், ஓக்லண்ட், மக்கோம் கவுண்டிகளில் வீடு வைத்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே டிஐஏவுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2012-ல் மூன்று கவுண்டி மக்களும் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சொத்து வரி அது, 2020 மார்ச்சில் நீட்டித்தார்கள். 1,50,000 டாலர் வீட்டுக்கு வருஷம் சுமார் 15 டாலர். அதற்குப் பதிலாகத்தான் நமக்கு நுழைவு இலவசம். குடியுரிமை வாங்கியவர்கள் அடுத்த தடவை இது வாக்குச்சீட்டில் வரும்போது கடைசிப் பக்கம் வரை போய் ஓட்டுப் போடுங்கள்.

ஓட்டு இல்லாதவர்கள் பேசலாம், எழுதலாம். சிகாகோவின் மேற்குப் பகுதியில் ஒரு கிளை நூலகத்துக்காக மார்ஷல் 1995-ல் 10,000 டாலருக்கு ஒரு சுவரோவியம் வரைந்து கொடுத்தார். 2018-ல் நகர நிர்வாகம் அதை ஏலத்துக்கு அனுப்பியது, ஒரு கோடிக்கு மேல் போகும் என்று எதிர்பார்ப்பு. மக்களும் கலைஞரும் எதிர்த்துப் பேச, நவம்பர் மாதம் ஏலத்திலிருந்து திரும்பப் பெற்றார்கள். அந்த எதிர்ப்பு மட்டும் இல்லையென்றால் அது ஏதோ ஒரு தனியார் வீட்டுச் சுவருக்குப் போயிருக்கலாம்.

டிஐஏ திங்கட்கிழமை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும், வேலை முடிந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். முதலில் குதிரையைக் காட்டுங்கள், அப்புறம் அட்டையின் கடைசி வரியை அவர்களையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.