லாரி செல்ஃப் எடுக்கலையா, மோட்டாரை கழட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

சாவி திருப்புனா ஒண்ணுமே இல்ல, இல்லன்னா டக் டக்னு சத்தம் மட்டும் வருதுன்னா உடனே செல்ஃப் மோட்டார் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, பாதி நேரம் பேட்டரி இல்லன்னா கனெக்ஷன்தான் காரணம். முதல்ல வண்டிய நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக் போடுங்க. பேட்டரி கரண்ட துண்டிக்கிற கட் ஆஃப் சுவிட்ச் ஆன்ல இருக்கான்னும் பாத்துருங்க.

24 வோல்ட் வண்டில ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரியஸ்ல இருக்கும், அதனால மல்டிமீட்டர் வச்சு ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். நல்லா சார்ஜ் இருந்தா ஒவ்வொண்ணும் 12.6 கிட்ட காட்டும், ஒண்ணு மட்டும் குறைஞ்சாலும் போதும், வண்டி எடுக்காது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ விழுந்தா அந்த பேட்டரிய சார்ஜ் போட்டு திரும்ப செக் பண்ணுங்க.

பேட்டரி ஓகேன்னா எர்த்த, அதாவது பேட்டரி மைனஸ்ல இருந்து சேஸிஸ், இன்ஜினுக்கு போற ஒயர பாருங்க, இத நிறைய பேரு விட்டுடுறாங்க. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ண இன்ஜின் பிளாக்லயும் வச்சு ஒருத்தர செல்ஃப் அடிக்க சொல்லுங்க, அர வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் ஒயர் துரு பிடிச்சிருக்கு இல்ல லூசா இருக்கு, கழட்டி உப்புத்தாள் போட்டு தேய்ச்சு டைட் பண்ணுங்க.

சத்தமே வரலையா? ஃபியூஸ், ஸ்டார்ட் ரிலே (செல்ஃபுக்கு கரண்ட் விடுற சுவிட்ச்), கிளட்ச் சுவிட்ச் மூணையும் பாருங்க. செல்ஃப் மோட்டார் மேல இருக்கற சொலினாய்டுக்கு (மோட்டாருக்கு கரண்ட் விடுற பெரிய சுவிட்ச்) வர்ற சின்ன ஒயர்ல சாவி திருப்பும்போது 24 வோல்ட் கிட்ட வந்தும் மோட்டார் சுத்தலன்னா அப்பதான் கழட்டணும். சொலினாய்டு முனைகள ஸ்க்ரூடிரைவர் வச்சு ஷார்ட் பண்றது மட்டும் வேண்டாங்க, கியர்ல இருந்தா வண்டி ஆள் மேலயே ஏறிடும்.