பிரிமென்றகட்டுத் தூண்டியுடன் பிள்ளை வீடு திரும்பும்போது

நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே குடைபோல் விரிந்திருக்கும் பிரிமென்றகடு சுருங்கிக் கீழிறங்கும்போதுதான் காற்று உள்ளே வருகிறது. அதற்கான கட்டளை, கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்பு வேர்களிலிருந்து புறப்படும் பிரெனிக் நரம்பின் வழியே செல்கிறது. விபத்தில் அந்த வேர்களுக்கு மேலே முண்ணாண் சிதைந்த பிள்ளைக்கும், உறங்கியவுடன் மூளை மூச்சை மறந்துவிடும் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைக்கும், அந்த நரம்பை மின்துடிப்பால் தூண்டிப் பிரிமென்றகட்டை அசைக்கும் கருவியான இத்தூண்டி உதவலாம். நரம்பே பழுதாகியிருந்தாலோ தசை நோயுற்றிருந்தாலோ உதவாது. ஆகவே, சத்திரசிகிச்சை பற்றிப் பேசுமுன், கழுத்தில் நரம்பைத் தூண்டிப் பிரிமென்றகடு அசைகிறதா என்று பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள்.

1960களில் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளென் வளர்த்தெடுத்த முறையில், நரம்போடு மின்முனையும் தோலுக்கடியில் துடிப்பைப் பெறும் ஒரு வாங்கியும் பொருத்தப்படுகின்றன. வெளியே இருக்கும் சிறு பெட்டி, தோலின்மேல் ஒட்டிய வளைய அன்ரெனா வழியாகத் துடிப்பை அனுப்புகிறது.

நெடுநாள் வேலையற்றிருந்த தசை விரைவில் களைத்துவிடும். எனவே வைத்தியர் குறித்த நிமிடங்களில் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். “இனி மெஷின் தேவையில்லைத்தானே?” என்று பார்க்க வரும் உறவினர் கேட்பார்கள். தேவைதான், பல பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியில் மட்டுமே தூண்டியைப் பயன்படுத்துவதால், வென்டிலேற்றரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் சித்திரை வெயிலில் தொல்லை தருவது பெரும்பாலும் வளையம்தான். வியர்வையில் பிளாஸ்ரரின் ஓரம் எழும்ப, வளையம் ஒரு விரற்கடை நழுவ, மூச்சு மேலோட்டமாகிவிடும். ஒட்டுமுன் தோலைப் பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பவுடரும் எண்ணெயும் அவ்விடத்தில் வேண்டாம். சரியான இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடிட்டு வைத்தால், இரவில் ரோர்ச் வெளிச்சத்திலும் நழுவல் தெரியும். பெட்டியும் வளையமும் நனையக் கூடாதென்பதால், கிணற்றடிக்குக் கூட்டிச் செல்வதை விட்டு, மாற்றுச் சுவாச உதவியுடன் கட்டிலிலேயே உடம்பைத் துடைத்துவிடுவது நல்லது.

தூண்டி துடிப்பை அனுப்புமே தவிர, காற்று உள்ளே போனதா என்று அளப்பதில்லை. உறக்கத்தில் தொண்டை உள்ளிழுபட்டு மூடிக்கொண்டால், வயிறு எழும்பும், ஆனால் காற்று போகாது. பல பிள்ளைகளுக்குக் கழுத்துத் துவாரக் குழாயை அகற்றாமல் வைத்திருப்பதற்கு இதுவே காரணம். வயிற்றை மட்டும் பார்த்து நிம்மதியடையாமல், குழாயின் வாயருகே புறங்கையைப் பிடித்துப் பாருங்கள். உறங்கும்போது, ஒலி எழுப்பும் ஒட்சிசன் அளவி விரலில் இருக்கட்டும்.

பெட்டி பற்றரியில் இயங்குவதால் மின்வெட்டு அதை உடனே நிறுத்தாது. வென்டிலேற்றருக்கும் சளி உறிஞ்சிக்கும் மாற்று மின்சாரம் வேண்டும். கட்டில் தலைமாட்டில் அம்பு பை (கையால் அழுத்திக் காற்றூட்டும் Ambu bag), மேலதிக வளையம், புதிய பற்றரிகள் ஆகியன இருக்க வேண்டும். உதடு நீலமானால் பழுதைத் தேடி நிற்காதீர்கள்: ஒருவர் பையை அழுத்த, மற்றவர் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைக்க வேண்டும், வளையத்தையும் பற்றரியையும் பிறகு பார்க்கலாம். அம்மம்மா உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் அம்பு பையைத் தாதியின் முன்னிலையில் அழுத்திப் பழகியிருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கானும், உடற்பயிற்சிச் சிகிச்சையில் தரப்படும் மின்வெப்பமும் தோலுக்கடியிலுள்ள கருவிக்கும் பிள்ளைக்கும் தீங்காகலாம். கிளினிக் கொப்பியின் முன் அட்டையிலேயே, “தூண்டி பொருத்தப்பட்டுள்ளது” என்று சிவப்பு மையால் எழுதி வையுங்கள்.