“மெயில் போயிருச்சுங்களா?” – போஸ்ட்ஃபிக்ஸில் தேங்கி நிற்கும் மெயில்களைக் கையாளும் முறை

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம். திருப்பூரில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதிக் கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் பகுதியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். “ஏனுங்கண்ணா, செவ்வாக்கெழமை சாயங்காலம் அனுப்புன பேக்கிங் லிஸ்ட் பையருக்கு வரவே இல்லையாமுங்க. என்ற சென்ட் ஃபோல்டருல இருக்குதுங்களே?” குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. அன்று இரவு லோடு தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும்.

“பாக்கறேன் அம்மிணி, போனை வெச்சிராதீங்க” என்றேன்.

சென்ட் ஃபோல்டரில் இருந்தால் மெயில் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் கம்பெனி சர்வர் வரைக்கும்தான் போயிருக்கிறது. அங்கிருந்து பையரின் சர்வருக்குப் போனதா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் டிஃபர்ட் வரிசையில் இருக்கிறது. புதிதாக மெயில் சர்வர் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக, அன்றைக்கு நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மெயில்களை வாங்கி அனுப்பும் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை வைத்தே எழுதுகிறேன். ஜிம்ப்ரா என்ற மெயில் தொகுப்பை வைத்திருப்பவர்களுக்கும் உள்ளே ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ்தான்.

டிஃபர்ட் என்றால் என்ன?

பார்சல் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். பனியன் பண்டலைக் கொண்டுபோன வண்டிக்காரர், சேர வேண்டிய கடை பூட்டிக் கிடந்தால் பண்டலைத் தெருவில் போட்டுவிட்டு வரமாட்டார். திருப்பிக் கொண்டுவந்து குடோனில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போவார். “அப்படி ஒரு கடையே இங்கே இல்லை” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டால் மட்டும் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்.

மெயிலிலும் இப்படித்தான். எதிர் சர்வர் 4-இல் தொடங்கும் மூன்று இலக்க எண்ணைச் சொன்னால் ‘இப்போது முடியாது, அப்புறம் வா’ என்று பொருள். மெயில் டிஃபர்ட் வரிசைக்குப் போகும். 5-இல் தொடங்கினால் ‘முடியவே முடியாது’. உடனே பவுன்ஸ் ஆகி அனுப்பியவருக்குத் திரும்பும். எதிர் சர்வரைத் தொடவே முடியாமல் போனாலும் டிஃபர்ட்தான்.

அப்புறம் எப்போது மறுபடி முயலும்? நீங்கள் எதையும் மாற்றாமல் வைத்திருந்தால் முதல் தோல்விக்குப் பிறகு 300 வினாடி, அதாவது 5 நிமிடம். அதற்குப் பிறகு, மெயில் வரிசையில் எவ்வளவு நேரம் கிடந்ததோ அவ்வளவு நேரம் காத்திருக்கும். சுமாராக 5, 10, 20, 40, 80-ஆவது நிமிடங்களில் போய்ப் பார்க்கும். இடைவெளி 4000 வினாடியை, அதாவது 67 நிமிடத்தைத் தொட்டதும் அதற்கு மேல் நீளாது. இப்படியே 5 நாள். அதன் பிறகுதான் கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் தரும்.

அந்த 5 நாளும் அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. அதுதான் அந்தப் பெண்ணுக்கு நடந்தது.

முதல் படி: வரிசையைப் பாருங்கள்

கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். ‘போஸ்ட்க்யூ’வில் வரும் ‘க்யூ’ வரிசையைக் குறிக்கும் முழுச் சொல். ‘மெயில்க்யூ’, ‘க்யூஷேப்’ இரண்டிலும் அது ஒற்றை எழுத்து. புதிதாக வருபவர்கள் தடுக்கி நிற்கும் இடம் இது.

போஸ்ட்க்யூ -பி (‘பிரிண்ட்’டின் முதல் எழுத்து)

மெயில்க்யூ என்று தட்டினாலும் இதே பட்டியல் வரும். ஒவ்வொரு மெயிலுக்கும் ஓர் அடையாள எண், அளவு, வந்து சேர்ந்த நேரம், அனுப்பியவர், பெறுபவர் எல்லாம் தெரியும். அடையாள எண்ணை ஒட்டி நட்சத்திரக் குறி இருந்தால் அந்த மெயில் இந்த நிமிடமே போய்க்கொண்டிருக்கிறது. ஆச்சரியக்குறி இருந்தால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குறியே இல்லாதவற்றில்தான் தேங்கி நிற்பவை இருக்கும்.

இதில் முக்கியமானது அடைப்புக்குறிக்குள் வரும் ஒரு வரி. அன்றைக்கு என் திரையில் இப்படி இருந்தது:

(கனெக்ட் டு … :25: கனெக்ஷன் டைம்ட் அவுட்)

இந்த வரியைப் படிக்காமல் வரிசையில் எதையும் தொடாதீர்கள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இதைச் சொல்லத்தான். மெயில் நிற்கிறது என்றதும் ஃப்ளஷ் போடுவதும் (நிற்கும் எல்லாவற்றையும் உடனே அனுப்பிப் பார்க்கச் சொல்வது), சர்வரை ரீஸ்டார்ட் செய்வதும், பொறுமை போய் மொத்தத்தையும் அழிப்பதும் எனக்குத் தெரிந்தவர்களிடம் பார்த்த பழக்கம். ஏன் நிற்கிறது என்று சர்வரே எழுதி வைத்திருக்கிறது.

பட்டியல் நீளமாக இருந்தால் முதலில் இதைப் போடுங்கள்:

க்யூஷேப் டிஃபர்ட்

எந்த டொமைனுக்குப் போக வேண்டியவை எத்தனை, எவ்வளவு நேரமாக நிற்கின்றன என்று கட்டம் கட்டமாகக் காட்டும். சில லினக்ஸ்களில் இதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஒரே டொமைன் மட்டும் வீங்கியிருந்தால் சிக்கல் பெரும்பாலும் அந்தப் பக்கம். எல்லா டொமைனும் சேர்ந்து வீங்கியிருந்தால் நம் பக்கம்.

இரண்டாம் படி: காரணத்தைப் படியுங்கள்

450 அல்லது 451 என்று வந்து, கூடவே ‘கிரேலிஸ்ட்’ என்ற சொல்லும் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். தெரியாத சர்வர் முதல்முறை வந்தால் வேண்டுமென்றே திருப்பி அனுப்பும் முறை அது. ஸ்பேம் அனுப்புகிறவன் பெரும்பாலும் திரும்பி வரமாட்டான், ஒழுங்கான சர்வர் வரும் என்ற கணக்கு. அடுத்த முயற்சியிலோ அதற்கடுத்ததிலோ போய்விடும்.

452 4.2.2 என்றால் பெறுபவரின் பெட்டி நிறைந்துவிட்டது. இதற்குச் சர்வரில் மருந்து இல்லை. பெறுபவருக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

‘ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட், ட்ரை அகெய்ன்’ என்று எல்லா மெயிலுக்கும் வந்தால் டொமைன் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸை உங்கள் சர்வரால் கேட்க முடியவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போன நாட்களில் இது எனக்குப் பழக்கம். சர்வர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், கீழ்த்தளத்து ரவுட்டர் அணைந்து கிடக்கும்.

421 என்று தொடங்கி, வேகமாக அனுப்புகிறீர்கள் என்று ஜிமெயில் சொன்னால் அதைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் அந்த இரண்டையும் ஒட்டி வரும் டிமார்க் என்ற அமைப்பையும் சேர்த்துக் கட்டாயமாகக் கேட்கிறார்கள். இந்த நேரத்தில் ஃப்ளஷ் போட்டால், மெதுவாக வா என்று சொன்னவர் கதவை மொத்தக் கூட்டத்தோடு போய்த் தட்டுவது போல ஆகிவிடும்.

இனி, அன்றைக்கு வந்த ‘கனெக்ஷன் டைம்ட் அவுட்’. எல்லா மெயிலுக்கும் இது வந்தால் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வாசலான 25-ஆம் போர்ட் வெளியே போக முடியாமல் அடைபட்டிருக்கலாம். இணைய நிறுவனங்களும் கிளவுட் நிறுவனங்களும் அதை மூடி வைப்பது சாதாரணம். ஆனால் எனக்கு அந்த ஒரே மெயிலுக்குத்தான் வந்திருந்தது. அதே பையருக்குப் போன மற்ற மெயில்கள் ஒழுங்காகப் போயிருந்தன. அதனால் மெயிலின் தலைப்பகுதியை மட்டும் திறந்தேன். அடையாள எண் 8041273956 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திரையில் எண்ணும் எழுத்தும் கலந்திருக்கும்.

போஸ்ட்கேட் -எச்க்யூ 8041273956

‘எச்’ இல்லாமல் போட்டால் மெயில் முழுவதும் திரையில் கொட்டும். அடுத்தவர் எழுதியதைப் படிக்கும் அவசியம் நமக்கு இல்லை, தலைப்பு போதும்.

பெறுபவர் முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். டாட் காம் என்று முடிய வேண்டியது டாட் கோ என்று முடிந்திருந்தது. ஒரே ஓர் எழுத்துதான் விட்டுப்போயிருக்கிறது. டாட் கோ என்பது கொலம்பியா நாட்டுக்கான முடிவு, ஆனால் உலகில் யாரும் வாங்கலாம். அந்தப் பெயரை யாரோ வாங்கி வைத்திருக்கிறார்கள், மெயில் சர்வர் மட்டும் வைக்கவில்லை. அப்படி ஒரு டொமைனே இல்லாமல் இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே பவுன்ஸ் ஆகி, அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். இருக்கிற டொமைன், ஆனால் கதவைத் திறக்க ஆளில்லை. அதனால் இரண்டு நாளாகச் சர்வர் போய்ப் போய்த் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாம் படி: செய்ய வேண்டியதை மட்டும் செய்யுங்கள்

இதற்குப் பிறகு வரும் போஸ்ட்சூப்பர் கட்டளைகள் ரூட் பயனருக்கு, அதாவது சர்வரின் முழு அதிகாரம் உள்ள கணக்குக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

காரணம் சரியாகிவிட்டது, ஒரு மெயில் உடனே போக வேண்டும் என்றால்:

போஸ்ட்க்யூ -ஐ அடையாள எண்

நெட் அறுந்து திரும்ப வந்தது போல மொத்தமும் சரியாகியிருந்தால் மட்டும் ஃப்ளஷ்:

போஸ்ட்க்யூ -எஃப்

பழுதைச் சரிசெய்யாமல் இதை அடிக்கடி போட்டால், போகாத மெயில்களோடு மல்லுக்கட்டுவதிலேயே சர்வரின் நேரம் போய், நல்ல மெயில்களும் தாமதமாகும்.

எந்த டொமைனுக்கு எந்த வழியாகப் போவது என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் அட்டவணையையோ முகவரி மாற்று அட்டவணையையோ திருத்தியிருந்தால், பழைய மெயில்கள் புதிய விதிப்படி போக அவற்றை மறுபடி வரிசையில் விட வேண்டும். அதற்கு ‘போஸ்ட்சூப்பர் -ஆர்’, பிறகு அடையாள எண். அழிக்க ‘-டி’ (‘டெலீட்’டின் முதல் எழுத்து). நிறுத்தி வைக்கச் சிறிய ‘எச்’, விடுவிக்கப் பெரிய ‘எச்’.

அடையாள எண் இருக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் ‘ஆல்’ என்று போட்டால் எல்லா மெயிலுக்கும் அது நடக்கும். அழிக்கும் கட்டளையோடு அந்தச் சொல்லைச் சேர்க்கும்முன் கையை எடுத்துவிட்டு ஒருமுறை யோசியுங்கள். அழித்த மெயிலை மீட்க வழியில்லை, அனுப்பியவருக்கும் தகவல் போகாது.

யாருடைய பாஸ்வேர்டாவது திருடுபோய் ஆயிரக்கணக்கில் ஸ்பேம் நிற்கும் நாள் ஒன்று வரலாம். அப்போதும் இந்த வரிசையில் போங்கள். முதலில் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றாமல் அழித்தால் அடுத்த நிமிடமே மறுபடி நிறையும். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். நிறுத்தி வைத்தவை 5 நாள் தாண்டினாலும் அப்படியே இருக்கும், விடுவித்த பிறகுதான் காலாவதிக் கணக்குப் பார்க்கும். அதனால் அவசரம் வேண்டாம். அந்தக் கணக்கிலிருந்து போனவற்றின் அடையாள எண்களை வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எடுத்து, கண்ணால் பார்த்து, அப்புறம் இப்படி அழியுங்கள்:

போஸ்ட்சூப்பர் -டி - < கோப்பின் பெயர்

மிச்சமிருக்கும் நல்ல மெயில்களைப் பெரிய ‘எச்’சோடு ‘ஆல்’ போட்டு விடுவியுங்கள்.

நான்காம் படி: அனுப்பியவருக்குச் சொல்லும்படி வையுங்கள்

போஸ்ட்கான்ஃப் -இ டிலே_வார்னிங்_டைம்=2எச்
போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு மெயில் தேங்கினால், ‘இன்னும் போகவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன்’ என்று அனுப்பியவருக்கு ஒருமுறை தகவல் வரும். நீங்கள் வைக்காவிட்டால் இந்த வசதி அணைந்தே இருக்கும். நான்கு மணி நேரம் என்று வைப்பவர்களும் உண்டு. எங்கள் ஊருக்கு இரண்டுதான் சரி என்பது என் எண்ணம். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மதியம் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. காலையில் அனுப்பியது போகவில்லை என்பது அவர்கள் ஆபீஸ் திறக்கும்முன் தெரிந்தால்தான் திருத்த நேரம் கிடைக்கும்.

5 நாள் என்ற காலக்கெடுவைக் குறைக்க வேண்டாம் என்பேன். ஈஸ்டர் போன்ற நீண்ட விடுமுறையில் பையர் பக்கத்துச் சர்வர் படுத்தால் எழுப்ப ஆளிருக்காது. அந்தப் பொறுமை அப்போது உதவும்.

அன்றைக்குப் போனில் காத்திருந்தவரிடம், “அம்மிணி, கடைசியில ஒரு எழுத்து விட்டுப்போச்சு. காம்னு மாத்திப் போடுங்க” என்றேன். மறுபடி அனுப்பினார். மெயில் லாக்கை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில வினாடிகளில் ‘ஸ்டேட்டஸ்=சென்ட்’, பக்கத்திலேயே 250, அதாவது எதிர் சர்வர் ஏற்றுக்கொண்டது.

“போயிருச்சுங்களாண்ணா?”

“போயிருச்சு.”

பிறகு அவரிடம் கேட்டுக்கொண்டு, டாட் கோவுக்கு நின்றிருந்த பழைய மெயிலை அழித்தேன். விட்டிருந்தால் இன்னும் மூன்று நாள் தட்டிக்கொண்டே இருந்திருக்கும். அதற்குள் அந்தக் கதவை யாராவது திறந்தால் எங்கள் பேக்கிங் லிஸ்ட் முன்பின் தெரியாதவர் கைக்குப் போயிருக்கும். இந்த முறை ‘ஆல்’ இல்லை, ஒரே ஓர் அடையாள எண்.