பேஸ்போல் சீசன் தொடக்கத்தில் பிட்சர்களை (பந்து எறிகிறவர்களை) எப்படிப் பிரித்துப் பயன்படுத்துவது?

மாரி மழை விட்டு மைதானம் காய்ந்ததும் மட்டக்களப்பில் பேஸ்போல் பயிற்சி தொடங்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன்: இன்னிங்ஸை எண்ணாதீர்கள், பந்தை எண்ணுங்கள். மூன்று பேர் அவுட் ஆகும் வரைதான் ஒரு இன்னிங்ஸ், அது எட்டுப் பந்திலும் முடியும், முப்பத்தைந்து வரையும் இழுக்கும்.

அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான எம்எல்பியின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில் 15, 16 வயதுப் பொடியன்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்துகள். 30 வரை போட்டால் அடுத்த நாளே போடலாம், 31 முதல் 45 வரை ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு, 75 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு நாள். ஆனால் 95 என்பது எல்லைதான். மூன்று மாதம் சும்மா இருந்த கையை நான் 40இல் தொடங்கி, கிழமைக்குப் பத்துப் பத்தாகத்தான் கூட்டுவேன். சூடான கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் இன்னும் குறைத்துவிடுவேன்.

அமெரிக்காவைப் பார்த்து ஐந்து ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) தேட வேண்டாம். அங்கே சீசனுக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும் மேட்ச். நமக்கு மூன்று பேர் போதும்.

க்ளோசர், அதாவது கடைசியில் வந்து ஆட்டத்தை முடிக்கிற பிட்சர், யார் என்று முதல் மாதத்திலேயே முடிவு கட்டாதீர்கள். நல்ல கையைக் கடைசி இன்னிங்ஸுக்கென்று பூட்டி வைத்தால், ஐந்தாவதில் மூன்று பேஸிலும் எதிரணி ஓட்டக்காரர்கள் நிரம்பி நிற்கும்போது ஆட்டம் அங்கேயே போய்விடும், அவனை அப்போதே இறக்குங்கள். ரிலீஃபுக்கு, அதாவது இடையில் மாற்றாக, வருகிறவனிடம் நான் வேகத்தைப் பார்ப்பதில்லை, முதல் பந்து ஸ்ட்ரைக்கா (அடிக்கக்கூடிய எல்லைக்குள் போகிறதா) என்றுதான் பார்ப்பேன். அப்புறம், வார்ம்-அப் செய்ய வைத்து இறக்காமல் உட்கார வைத்தாலும் அது கைக்கு வேலைதான், அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

நம்ம பக்கத்தில் பிட்சராக வருகிறவன் பெரும்பாலும் கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுகிறவன். சனிக்கிழமை கல்லடியில் ஆறு ஓவர் போட்டுவிட்டு ஞாயிறு வந்து நிற்பான், கேட்டால் "நோகல்ல சேர்" என்பான். அவன் முழங்கையைப் பாருங்கள். தோளுக்குக் கீழே இறங்குகிறதா, பந்து கேட்சரின் (அடிப்பவனுக்குப் பின்னால் நின்று பிடிப்பவனின்) தலைக்கு மேலே போகிறதா, ஒவ்வொரு பந்துக்கும் இடையில் கையை உதறுகிறானா? அப்படியென்றால் எண்ணிக்கை 28ஆக இருந்தாலும் பந்தை வாங்கிவிடுங்கள். நோவு என்றால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டமே வேண்டாம். வெறும் களைப்பு என்றால் முதல் பேஸில் நிறுத்தலாம், கேட்சராக மட்டும் வேண்டாம், அங்கேயும் எறிதல் அதிகம்.