விண்டோஸ் 7 வாடிக்கையாளருக்காகச் செய்யக் கூடாதவை

பெங்களூரு சிக்பேட்டையிலோ சிவாஜிநகரிலோ பில் போடும் கடைக்காரர், கம்ப்யூட்டர் ஓடுகிறவரை அதை மாற்ற மாட்டார். பழைய பில் பிரிண்டருக்குப் புது டிரைவர் கிடைக்காவிட்டால் கேட்கவே வேண்டாம். 'விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட்டே 2020 ஜனவரியில் கைகழுவிவிட்டது, நமக்கென்ன' என்று பெங்களூரு டெவலப்பர்கள், அதில் எத்தனை வாடிக்கையாளர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் அவர்களை வெட்டிவிடுவது பெரிய தவறு. உங்கள் சாஃப்ட்வேர் லாகின் ஆகும்போதே விண்டோஸ் பதிப்பையும் சர்வருக்கு அனுப்பச் செய்து, மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள். பதிப்பைக் கேட்க கெட்வெர்ஷன்எக்ஸ் (GetVersionEx) ஃபங்ஷனை நம்ப வேண்டாம். எந்த விண்டோஸுக்கானது என்று சாஃப்ட்வேரின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் குறிப்பிடாவிட்டால் விண்டோஸ் 10-ஐயும் அது 8 என்றுதான் சொல்லும்.

இதைவிட ஆபத்தானது, பழைய கம்ப்யூட்டர் இணையவில்லை என்று சர்வரில் டிஎல்எஸ் 1.0-ஐத் திறந்துவிடுவது. டிஎல்எஸ் என்பது இணையத்தில் போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை, 1.0 அதன் பழைய பதிப்பு. பத்துக் கடைக்காக எல்லோருடைய பாதுகாப்பும் போகும். கார்டு பணம் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பழைய முறையைக் கைவிட 2018 ஜூன் 30-தான் கடைசி நாளாக இருந்தது. உண்மையில் விண்டோஸ் 7-க்கு டிஎல்எஸ் 1.2 தெரியும், சாஃப்ட்வேரை இணையத்தோடு பேச வைக்கும் விண்டோஸ் பகுதியான வின்எச்டிடிபி (WinHTTP) அதைத் தானாக எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று பார்த்து, கேபி3140245 அப்டேட்டைப் போடுங்கள். பிறகு விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் வின்எச்டிடிபி கீயின் கீழ் டீஃபால்ட்செக்யூர்புரோட்டோகால்ஸ் (DefaultSecureProtocols) மதிப்பை ஹெக்ஸில் 800 என்று வையுங்கள். 64 பிட் விண்டோஸ் என்றால், 32 பிட் சாஃப்ட்வேருக்கான வாவ்6432நோடு (Wow6432Node) கீழேயும் அதையே செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் (.NET) 4.5-ல் எழுதிய சாஃப்ட்வேருக்கு இது போதாது, கோடிலேயே டிஎல்எஸ் 1.2 என்று சொல்ல வேண்டும்.

சாஃப்ட்வேரைக் கட்டித் தரும் பில்ட் சர்வரில் டூல்களைத் தானாக அப்டேட் ஆகவும் விடாதீர்கள். விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பதிப்புகள் பைத்தான் 3.8, கோ 1.20, எலக்ட்ரான் 22. அவற்றைவிடப் புதிய டூலில் கட்டிய உங்கள் சாஃப்ட்வேர் ஆட்டோ அப்டேட்டில் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் திறக்கவே திறக்காது. அப்டேட்டரும் அதற்குள்ளேயே இருந்தால் திருத்தி அனுப்பவும் வழியில்லை, ஆள்தான் போக வேண்டும். டவுன்லோடுக்கு முன்பே விண்டோஸ் பதிப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 7 வாடிக்கையாளர்களுக்குத் தனி பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) வைத்து, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் கொடுங்கள். புது வசதி எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

அந்த பிராஞ்சுக்கும் முடிவுத் தேதி வேண்டும். அதை ஆறு மாதம் முன்பே பில் திரையில் கன்னடத்திலும் தமிழிலும் காட்டுங்கள். மார்ச்சில் நிறுத்தாதீர்கள், வருடக் கணக்கு முடிக்கும் நேரம் அது. நிறுத்திய பிறகும் பழைய பில்களை எக்செல்லாக எடுக்கும் பட்டன் இணையம் இல்லாமலே வேலை செய்ய வேண்டும்.