மனசில் கிடக்கும் இலக்கை இந்த வாரமே தொடங்குவது எப்படி?

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு பாஸ் பண்ணணும், சொந்தமாகத் தையல் கடை போடணும், இங்கிலீஷ் தடுமாறாமல் பேசணும். மதுரைப் பக்கம் இருபது, இருபத்திரண்டு வயதில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்று சொல்வார்கள். ஆனால் அந்த ஆசைக்கு ஒரு நாளில் எந்த நேரம், எந்த இடம் என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு, அதனாலேயே பல பேருக்கு அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அந்த நேரத்தையும் இடத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம்.

படி 1: ஒன்றை மட்டும் எடுங்கள்

அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு இலக்கு. மற்றதையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள், எங்கேயும் ஓடிவிடாது. எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், அது யார் சொல்லி வந்த ஆசை என்று பாருங்கள். மாமா சொன்னார், கூடப் படித்தவன் எழுதுகிறான் என்று வந்த ஆசை முதல் மாதிரித் தேர்வைக்கூடத் தாண்டாது.

படி 2: கையால் செய்கிற வேலையாக உடையுங்கள்

மேலூரிலிருந்து தினமும் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வேலைக்கு வருகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு குரூப் 4 இலக்கு. வினாத்தாளில் 200 கேள்வி, அதில் 100 தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அப்படியென்றால் எங்கே தொடங்குவது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, தமிழில்தான். அதற்கான பள்ளிப் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, வழிகாட்டிப் புத்தகங்களை முதல் நாளே வாங்கிக் குவிக்காதீர்கள். ஆக, இந்த வாரத்துக்கு அவர் நோட்டில் எழுத வேண்டியது "ஆறாம் வகுப்புத் தமிழ், முதல் இயல்" என்ற ஒரு வரிதான். "நல்லாப் படிக்கணும்" என்று எழுதினால் நாளைக் காலையில் எதைத் திறப்பது என்றே தெரியாது.

படி 3: எப்போது, எங்கே

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1999-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சின்ன முறையைச் சொல்கிறார்: "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட இப்படித் திட்டம் வைப்பவர்கள் இலக்கை அடைவது நன்றாகவே கூடியிருந்தது. காரணம் புரிந்துகொள்ள எளிது, அந்த நேரம் வரும்போது யோசிக்க வேண்டியதே இல்லை, முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

நம் மேலூர்ப் பெண் "ராத்திரி வந்து படிப்பேன்" என்று எழுதினால் நடக்காது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவருக்கு ராத்திரி தூக்கம்தான் வரும், வரவும் வேண்டும். அதனால் இப்படி எழுதலாம்: "காலையில் மேலூரில் பஸ் ஏறி சீட் கிடைத்ததும், போனைத் தொடுவதற்கு முன்னால் புத்தகத்தைத் திறப்பேன்." சீட் கிடைக்காத நாளும் வரும், அதற்கும் ஒரு வரி வேண்டும்: "நின்றுகொண்டு போனால், நானே என் குரலில் பதிவு செய்த இலக்கணக் குறிப்பைக் கேட்பேன்." வார லீவு நாளுக்கு புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023 ஜூலை 15-இல் திறந்தது, உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. வீட்டில் ஒரே அறையில் டிவியும் ஓடுகிறது என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் நான் சொல்ல மாட்டேன்.

காசு சேர்ப்பதும் இதே மாதிரிதான். கடைக்கு முன்பணம் சேர்ப்பவர்கள் சம்பளம் வந்த அன்றே தபால் நிலைய ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டுகிற சேமிப்பில், கட்டிவிடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், காலம் 5 வருடம். மாசக் கடைசியில் மிச்சமானதைப் போடலாம் என்றால் மிச்சமே ஆகாது.

படி 4: வீட்டில் கேட்டு வாங்குங்கள்

"படிக்க விடுங்கம்மா" என்று கேட்டால் "யாரு வேணாம்னா?" என்றுதான் பதில் வரும், அஞ்சு நிமிஷத்தில் தண்ணீர் பிடிக்கக் கூப்பிடுவார்கள். "லீவு அன்னைக்குக் காலையில ஆறுல இருந்து ஏழரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்கம்மா, பாத்திரம் அப்புறம் நானே கழுவிடுறேன்" என்று கேளுங்கள். நேரம் சொல்லிக் கேட்டால் சரி, முடியாது என்று ஏதாவது ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பல வீடுகளில் பையனுக்குப் படிக்கிற நேரம் தானாகவே கிடைக்கிறது, பெண் மட்டும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இது நியாயமே இல்லை. வீட்டில் தம்பி இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத் தண்ணீர் அவன் பொறுப்பு என்று அவனிடமே நேராகச் சொல்லுங்கள்.

படி 5: விட்டுப்போகிற நாட்களுக்கு முன்பே எழுதுங்கள்

சித்திரையில் திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக்கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நாட்களில் படிப்பு பத்து நிமிடம் போதும் என்றோ, லீவு என்றோ இப்போதே எழுதுங்கள், கூடவே மறுபடி தொடங்குகிற தேதியையும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்துப் பார்த்தார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை, நடுவாக 66 நாள் என்று கணக்கு வந்தது (12 வாரத்தைத் தாண்டுகிற நாட்கள், அதுவரை பார்த்த போக்கை வைத்து மதிப்பிட்டவை). நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவும் இல்லை. அதனால் ஒரு நாள் விட்டதற்காக நோட்டையே மூடி வைக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை நோட்டைத் திறந்து, செய்த நாட்களுக்கு ஒரு டிக் போடுங்கள், அவ்வளவு போதும். இரண்டு வாரம் தொடர்ந்து டிக் குறைவாக இருந்தால் இலக்கில் கை வைக்காமல் படி 3-இல் எழுதிய வரியை மாற்றுங்கள். பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறதா, அரை மணி நேரம் முந்தைய பஸ்ஸில் வந்து கடை திறக்கும்வரை படியுங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கடைசி இருபது நிமிடத்தை எடுத்துப் பாருங்கள்.